அடுப்புக்கும் குழாய்க்கும் நடுவே

பதினேழாவது விடைத்தாளின் மேல் மூலையை மடித்து, பெயர் மறையும்படி குண்டூசியைக் குத்திக்கொண்டிருந்தார் அண்ணி. ஒவ்வொரு திருப்பத்திலும் பேருந்து அவரை என் மேல் சாய்த்தது. ஊசி மட்டும் குறி தவறவில்லை. வாயில் இன்னும் நான்கு ஊசிகள். "சிரிப்பு மூட்டாத. முழுங்கிடுவேன்" என்றார், உதட்டைப் பிரிக்காமலே.

எதிர் இருக்கைக்காரர் அவரைத் தையல்காரி என்று நினைத்திருப்பார். அண்ணி கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு அறவியல் நடத்துகிறார். எது சரி, எது தப்பு, அதை நாம் எப்படி முடிவு செய்கிறோம் என்பதைப் பதினாறு வாரத்தில் முடித்துவிட வேண்டிய பாடம். எல்லாத் துறைக்காரர்களுக்கும் கட்டாயம் என்பதால் ஒருவருக்கும் ஆசை கிடையாது. "பல் டாக்டர்கிட்ட வர்ற மாதிரி வருவாங்க. போகும்போது பல்லு பத்திரமா இருக்கும், கொஞ்சம் கூச்சம் மட்டும் மிச்சமிருக்கும்" என்பார்.

ஊசி எதற்கு என்று கேட்டேன். யார் எழுதியது என்று தெரிந்துவிட்டால் பேனா வேறு மாதிரி ஓடுமாம். "நான் நல்லவதான். என் பேனாவை நான் நம்ப மாட்டேன்." ஊசியோடு நிற்பதில்லை. தாள்களைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைப்பார். முதல் கேள்விக்கான பதிலை நாற்பத்தொரு தாளிலும் படித்து முடித்த பிறகுதான் இரண்டாவது கேள்வி. அதற்கு இடமும் மாற வேண்டும். முதல் கேள்வி பேருந்தில், இரண்டாவது சமையலறையில், மூன்றாவது தெருமுனைச் சலவைக் கடையில், இயந்திரத்துக்குள் துணி சுற்றுவதைப் பார்த்தபடி. "ஒருத்தனோட மூணு பதிலையும் ஒரே மூடுல திருத்தினா, அவன் என் மூடுக்கு மாட்டிக்கிட்டான்னு அர்த்தம்."

மூன்று வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்தவள் நான். அந்த விடைத்தாள்கள் ஒரு வாரத்தில் என்னைவிட அதிகம் அலைகின்றன.

அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிறான். கல்யாணமாகிப் பதினொரு வருடம். "புதுச் சட்டை போட்டுட்டு, 'நல்லாருக்கா'ன்னு ஒரு தடவை கேட்டேன். ரெண்டு நிமிஷம் யோசிச்சா. அப்புறம், 'எந்த விதத்துல?'ங்கறா. அதுலேருந்து கண்ணாடியத்தான் கேக்கறேன். அது பட்டுனு சொல்லிடுது" என்றான். அண்ணி மறுக்கவில்லை. "அந்தச் சட்டை நல்லாத்தாங்க இருந்தது. உங்களுக்குத்தான் பொருந்தலை."

ரொட்டிக் கடையில் ருசி பார்க்க நீட்டும் துண்டை, வாங்கும் எண்ணம் இல்லாவிட்டால் அண்ணி தொட மாட்டார். மூடப்போகும் லிஃப்டைக் காலை விட்டு நிறுத்தி, தூரத்தில் வருகிறவர்களுக்காகக் காத்திருப்பார். உள்ளே நிற்கிறவர்கள் முறைத்தால், "நீங்களும் ஒரு நாள் ஓடி வருவீங்க" என்பார். அதே அண்ணி, எதையாவது விற்பதற்காக யாராவது தொலைபேசியில் அழைத்தால், குரலைச் சின்னப் பெண்ணாக்கி, "அம்மா வீட்ல இல்லீங்க" என்று வைத்துவிடுவார்.

"இது பொய்யில்லையா அண்ணி?"

"அப்பட்டமான பொய். நான் அறவியல் வாத்தியார்டி, அறம் இல்லை."

என்னை 'ஊர்சுத்தி' என்றுதான் கூப்பிடுவார். வந்து ஆறு வாரமாகியும் என் பை கூடத்தில் அவிழ்க்காமல் நின்றது. தினமும் அதைத் தாண்டிப் போகையில், "பை இன்னும் ரயில்லதான் இருக்கு போல" என்பார். வீட்டில் உட்கார முடியாமல், வாரம் இரண்டு நாள் அவர் வகுப்புக்குப் போக ஆரம்பித்தேன். அறவியல்மேல் ஆசை என்று சொன்னால் அதுவும் அப்பட்டமான பொய். கேக் வாசனைக்காகப் போனேன்.

அறவியலுக்குக் கல்லூரியில் அறை ஒதுக்கவில்லை. சமையல் கலைத் துறையின் பயிற்சிச் சமையலறைதான் காலியாக இருந்தது. ஒரு சுவர் ஓரம் வரிசையாக எட்டு அடுப்புகள், எதிர்ச்சுவரில் எட்டுக் குழாய்கள், நடுவில் நீளமான எஃகு மேசை. முந்தைய வகுப்பு எதையாவது சுட்டுவிட்டுப் போயிருக்கும். வந்தவர்கள் எல்லாரும் பசியோடு நியாயம் பேசுவார்கள். அண்ணி தொங்கும் கரண்டிகளில் ஒரு மரக்கரண்டியை எடுத்து மேசையைத் தட்டினால் வகுப்பு ஆரம்பம்.

பாடம் நடக்கும் விதம் இது. ஒரு நிலைமையைச் சொல்வார். ஒரு பதில் அடுப்புப் பக்கம், எதிர்ப் பதில் குழாய்ப் பக்கம். எல்லாரும் எழுந்து நடந்துபோய் நிற்க வேண்டும். மாவு டின்மேல் உட்கார்ந்திருந்த என்னையும் விடவில்லை. "வேடிக்கை பாக்க வந்தவங்களுக்கும் கால் இருக்குல்ல? நட." வாதம் நடக்கும்போது மனம் மாறினால் பக்கமும் மாறலாம். ஆனால் மாறுகிறவர் கையைத் தூக்கி, தன்னை நகர்த்தியது யார் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். இந்த ஒரு சட்டத்தில் மட்டும் அண்ணி விட்டுக்கொடுப்பதில்லை. "தோத்ததுக்குக் கை தூக்கலை, யார்கிட்டேருந்து வாங்கினோம்னு சொல்லத்தான் தூக்கறோம்."

அவர் மட்டும் ஒன்பது வருடமாக எந்தப் பக்கமும் போனதில்லை. பிள்ளைகள் வைத்த பெயர் 'நடுவாந்திரம்'. மணி அடிக்கும் நேரத்தில் யாராவது, "மேடம், நீங்க எந்தப் பக்கம்?" என்பார்கள். மொத்த வகுப்பும் அவர் குரலிலேயே கத்தும்: "நான் மேசைப் பக்கம்!" அண்ணி கரண்டியால் வணக்கம் வைப்பார்.

வகுப்பில் எனக்குப் பிடித்தவள் ஒரு நீச்சல்காரி. பயிற்சி முடித்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் சொட்டச் சொட்ட ஓடி வருவாள், பெயர் 'ஈரத்தலை'. கேள்வி எதுவானாலும் அவள் அடுப்புப் பக்கம்தான். அங்கேதான் சூடு மிச்சமிருக்கும், முடி காயும். "அவளோட கருத்து முடி காஞ்சப்புறம்தான் வரும். அதுக்குள்ள மணி அடிச்சிடும்" என்று அண்ணி சிரிப்பார். முதல் தேர்வில் முப்பதுக்குப் பதினொன்று. இந்தப் பாடத்தில் தேறாவிட்டால் கல்லூரி நீச்சல் அணியில் அவளுக்கு இடமில்லை.

அந்தப் பேருந்துப் பயணத்துக்கு வருகிறேன். ஊசிகளெல்லாம் குத்தி முடித்து, முதல் கேள்வியைத் திருத்திக்கொண்டு வந்தவர் திடீரென்று சத்தமாகச் சிரித்தார். நண்பனைக் காப்பாற்றப் பொய் சொல்ல நேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்பது கேள்வி. மூலை மடிந்த ஒரு தாளை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "சொல்லிவிடுவேன். ஆனால் அது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள மாட்டேன். அது இரண்டாவது பொய்" என்று எழுதியிருந்தது. "யாரு பெத்த பிள்ளையோ!" என்று பத்துக்கு ஒன்பது போட்டார். அண்ணி பத்துக்கு ஒன்பது போட்டு அண்ணனே பார்த்ததில்லை.

ஞாயிறு காலை சாப்பாட்டு மேசையில் ஊசிகளை எடுத்தார். பெயர்ப்பட்டியலில் நாற்பத்தொரு பேர், கையில் நாற்பது தாள். மறுபடி எண்ணினார். அண்ணன் எண்ணினான். நான் எண்ணினேன். குளிர்பெட்டிக்குப் பின்னால், மெத்தைக்கு அடியில், இஸ்திரிப் பெட்டியின் உறைக்குள் தேடினோம். அண்ணனுடைய தொலைந்த கையுறை கிடைத்தது, ஒற்றையாக. சலவைக் கடைக்காரர் எட்டு இயந்திரங்களுக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். பேருந்து அலுவலகத்தில், "ரெண்டு குடை, ஒரு செருப்பு, ஒரு பல்செட்டு இருக்கு. பேப்பர் இல்லீங்க. பல்செட்டு உங்களுதா?" என்றார்கள்.

பெயரை மறைத்துத் திருத்தியதில், தொலைந்தது யாருடையது என்பது கழித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஈரத்தலை. இன்னொன்றும் தெரிந்தது: 'இரண்டாவது பொய்' மிச்சமிருந்த நாற்பதில் எதிலும் இல்லை.

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து ஊசிகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டார். விடைத்தாள் தொலைந்தால் முதல்வரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். மாணவி மறுபடி தேர்வு எழுத வேண்டும். அண்ணியின் வேலையோ வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கப்படுவது; இந்த வருடத்துக் கடிதம் இன்னும் முதல்வரின் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.

"டீச்சரம்மா, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான் அண்ணன். "ஒரு பதிலுக்கு ஒன்பது போட்டாச்சு. மத்த ரெண்டுக்கும் ஏழேழு போடு. பொண்ணு பாஸ். உன் வேலை பத்திரம். யாருக்கு என்ன குறைஞ்சது?"

"படிக்காத பதிலுக்கா ஏழு?"

"நல்லாத்தானே எழுதியிருப்பா?"

"எழுதியிருப்பா. அதாங்க கஷ்டம். நீங்க சொல்றது நியாயமாவே இருக்கு."

பிறகு என்னைப் பார்த்தார். "உன் மேல பழியப் போடலாமான்னும் ஒரு நிமிஷம் யோசிச்சேன். பஸ்ல கொஞ்சம் பேப்பர் உன் மடியிலதானே இருந்தது? போற ஊர்லெல்லாம் எதையாவது விட்டுட்டு வர்றவ நீ. யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

"போட்டிருக்கலாமே அண்ணி?"

"சுலபமா இருந்தது. அதான் பயந்துட்டேன்."

திங்கள் காலை கிளம்பும்போது அவர் கைப்பையில் இரண்டு காகிதங்கள் போயின. ஒன்று மதிப்பெண் பட்டியல். ஒரு பெயருக்கு எதிரே மட்டும் வெற்றிடம். மற்றொன்று முதல்வருக்குக் கடிதம்; கையெழுத்திடும் இடம் வெற்றிடம். மாலைக்குள் ஏதாவது ஒன்று நிரம்பியாக வேண்டும்.  லிஃப்டில் அண்ணி வழக்கம்போல் காலை விட்டார்.

கரண்டி மேசையில் தட்டியது.

"ஒரு வாத்தியார். ஒரு விடைத்தாளைத் தொலைச்சுட்டார். முதல் பதில் படிச்சாச்சு, பிரமாதம். மீதி ரெண்டையும் படிக்கலை. தொலைஞ்ச விஷயம் எழுதினவருக்கும் தெரியாது, காலேஜுக்கும் தெரியாது. மீதிக்கும் நல்ல மார்க்கா போட்டு அனுப்பிடலாம்னா அடுப்பு. சொல்லிடணும்னா குழாய்."

பெரும்படையே அடுப்புப் பக்கம் போனது. ஈரத்தலை அங்கே ஏற்கெனவே முதுகுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தாள். நானும் அங்கேதான் போய் நின்றேன். அண்ணனின் தங்கை அல்லவா! குழாய்ப் பக்கம் ஆறே பேர்.

"தேடி வர்ற மார்க்கை யாராவது வேண்டாம்பாங்களா மேடம்?" என்றான் ஒருவன்.

"வாத்தியாருக்கு வேலை போயிடுமா?" என்றாள் இன்னொருத்தி.

"போகலாம்."

"அய்யோ, பாவம் மேடம்."

"பாவம்தான். பாவம்னு அங்க நிக்கறியா, சரின்னு நிக்கறியா?"



குழாய்ப் பக்கத்திலிருந்து கணக்கியல் மாணவன் ஒருவன் கனைத்தான். எப்போதும் வீட்டையே தூக்கி வருவதுபோல் முதுகில் பை. அதனால் அவன் பெயர் 'மூட்டை'. "அந்த வாத்தியார் பேப்பருக்கு மார்க் போடலை மேடம். தன்னோட பயத்துக்குப் போடறார்."

"பயத்துக்கு எத்தனைடா மார்க்?" என்று அடுப்புப் பக்கம் கேட்டது.

"பத்துக்கு ஒன்பது!" என்று யாரோ கத்த, எல்லாரும் சிரித்தார்கள். தட்டப்போன கரண்டி பாதியில் நின்றதை நான் மட்டும் பார்த்தேன்.

சிரிப்பு அடங்கியபோது ஈரத்தலை கையைத் தூக்கியிருந்தாள். முடி இன்னும் காயவில்லை. "மேடம், எழுதினவங்க எப்பவும் சுமாரா எழுதறவங்களா இருந்து, அன்னைக்கு மட்டும் நெஜமாவே நல்லா எழுதியிருந்தா? அவங்களுக்கு அது தெரியவே தெரியாதுல்ல? ஏதோ போனாப் போகுதுன்னு பாஸ் போட்டாங்கன்னு நெனச்சுக்குவாங்க. நான்னா, திரும்ப எழுதினாலும் பரவால்ல, எனக்குத் தெரியணும்."

"யாரு நகர்த்தினது?" என்றார் அண்ணி.

"மூட்டை."

மூட்டையின் காது சிவந்தது. விசில்கள் பறந்தன. ஈரத்தலை சூட்டை விட்டு, தரையில் சொட்டுச் சொட்டாக ஒரு கோடு போட்டபடி குழாய்ப் பக்கம் நடந்தாள். அவள் பின்னால் இன்னும் நான்கு கைகள் எழுந்தன. என்னுடையது எழவில்லை; பழக்கமில்லாத கை.

மணி அடிக்க ஒரு நிமிடம் இருந்தது. யாரோ வழக்கம்போல் ஆரம்பித்தார்கள். "மேடம், நீங்க எந்தப் பக்கம்?" உடனே நாற்பது குரல்: "நான் மேசைப் பக்கம்!"

அண்ணி கரண்டியால் வணக்கம் வைக்கவில்லை. அதை மேசைமேல் வைத்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு, ஈரச்சொட்டுகளை மிதிக்காமல், குழாய்ப் பக்கம் நடந்தார். ஈரத்தலை அவசரமாக ஒதுங்கி இடம் விட்டாள். அவள் பக்கத்தில், சுவரில் முதுகு சாய்த்து, மாணவி மாதிரி நின்றார். எதிரே ஒன்பது வருடத்தில் முதல்முறையாக மேசைக்குப் பின்னால் ஆளில்லை. இரண்டு குரல் சிரிக்க ஆரம்பித்து, நடுவிலேயே நின்றுபோனது. 

"மேடம்…" என்றான் மூட்டை மெதுவாக. "மாறினா கை தூக்கணும்."

அண்ணி தலையை ஆட்டினார். ஈரத்தலை பக்கம் திரும்பி, மேசை மாவு ஒட்டிய வலது கையைத் தூக்கினார்.