பதிலாளுக்குப் பெயர் வைத்த கதை

கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லித் தருவதுகூடச் சுலபம், அந்த வேலைக்குப் பெயர் வைப்பதுதான் ஆளைக் கொல்லும். ப்ரோக்ராம் எழுதிப் பிழைத்த எல்லோருக்கும் இது தெரியும். எண்பதுகளின் கடைசியில், தர்மபுரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் நான் பட்டதைக் கேளுங்கள்.

பெரிய பெயர்

ஒரு ப்ரோக்ராம் எல்லாவற்றையும் தானே செய்யாது. எடை குறிப்பது, பழ லோடுகள் உள்ளே போக முறை போடுவது என்று ஒவ்வொன்றையும் ஒரு குட்டி ப்ரோக்ராமிடம் ஒப்படைத்துவிடும். அந்தப் பதிலாளுக்கு ஆங்கிலத்தில் எட்டெழுத்துக்குள் ஒரு பெயர் வேண்டும். செய்யும் வேலையையே பெயராக வைக்கலாம் என்றேன். மேனேஜர் ஒப்பவில்லை. ஆலையில் அந்த வேலையைப் பார்ப்பவர் பெயரையே வைக்கச் சொன்னார்.

"ஒப்படைக்கிற பெரிய ப்ரோக்ராமுக்கு என்ன சார் பேரு?"

"எம்பேரு வெச்சிருங்க. அது தானா ஒண்ணும் செய்யாதுன்னீங்கல்ல?"

இல்லாத சகாயம்

எடைமேடையில் இருந்தவர் சகாயம். எடை குறிக்கும் ப்ரோக்ராமுக்கும் அதே பெயர். ஒருநாள் நான் அந்த ப்ரோக்ராம் இருந்த பிளாப்பி டிஸ்க்குக்குப் பதில் வேறொன்றை மாற்றிப் போட்டுவிட்டேன். 'சகாயம் என்று எதுவும் இல்லை' என்று திரை ஆங்கிலத்தில் சொன்னது. அதைப் படித்த மேனேஜர் வருகைப் பதிவேட்டில் சகாயத்துக்கு லீவு போட்டுவிட்டார்.

சகாயம் பதறிக்கொண்டு ஓடிவந்தார். "காலையில இருந்து மேடையிலதானுங்களே நிக்கறேன்!" பிளாப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தப்பு என்னுடையது என்று நான் கெஞ்சினேன். லீவை அடித்துத் திருத்தும்போதும் மேனேஜருக்கு மனசே இல்லை.

"நீ இருக்கறது எனக்குத் தெரியுதுப்பா. பொட்டிக்குத் தெரியலையே!"

நாலெழுத்து

அன்றே ஆள் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டேன். லோடு வரும் ஊர்களின் பெயர்களையும் ஆங்கிலத்தில் நாலெழுத்தாகச் சுருக்கினேன். பாப்பாரப்பட்டிக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் முதல் நாலெழுத்து ஒன்றுதான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

பாப்பாரப்பட்டி விவசாயி மாதம்மாள் டிராக்டர் நிறைய மாம்பழத்தோடு இரண்டு நாளாக வாசலில் நின்றார். அவர் முறையில் பாப்பிரெட்டிப்பட்டி லாரிகள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. அடியில் பழம் கசிய ஆரம்பித்ததும் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"முறை போடறது யாருங்க?"

மேனேஜர் என்னைக் காட்டினார். வெட்கமில்லாமல் நான் கம்ப்யூட்டரைக் காட்டினேன். சகாயம் யாரையும் கேட்கவில்லை. டிராக்டரை மேடையில் ஏற்றி, எடையைக் கையாலேயே எழுதிக்கொண்டார். மாதம்மாள் மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை.

"சரிங்க, அந்தப் பொட்டி யாரைக் காட்டும்?"

இப்போதெல்லாம் எதற்குப் பெயர் வைப்பதானாலும், திட்டு விழுந்தால் அது யார் தலையில் விழும் என்று பார்த்துவிட்டுத்தான் வைக்கிறேன்.