கரட்டடியை வரைந்தவள்

போடியிலிருந்து போடிமெட்டு மலைக்கு ஏறும் ரோட்டில் என் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. கடைக்கு எதிரே இறங்கும் சரிவுதான் கரட்டடி. அங்கே பாதிப் பேர் விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலையில் ஏலத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவர்கள். மீதிப் பேர் டவுனில் ஏலக்காய்க் கடைகளில் மூட்டை தூக்குகிறவர்களும் காயைத் தரம் பார்த்துப் பொறுக்குகிறவர்களும். துணியெல்லாம் ஏலக்காய் மணக்கும். ஆனால் அங்கே ஒரு வீட்டுப் பாயசத்திலாவது முழு ஏலக்காய் விழுந்து நான் பார்த்ததில்லை.

அமுதவள்ளி அங்கே பிறந்து வளர்ந்தவள். தோட்டத்தில் மரம் சாய்ந்து அப்பன் செத்தபோது அவளுக்கு எட்டு வயது, தங்கை கார்த்திகா கைக்குழந்தை. அம்மா கருப்பம்மாள் ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலைக்குப் போய்ப் போய் இரண்டையும் ஆளாக்கினாள். காலையில் கருப்பம்மாள் போய்விட்டால் இரவுதான் வருவாள். இடையில் கார்த்திகாவுக்குத் தலை பின்னியது, சோறு ஊட்டியது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது எல்லாம் அமுதவள்ளிதான். கார்த்திகாவை யாராவது திட்டினால் அமுதவள்ளி சண்டைக்கு வருவாள். கார்த்திகாவை அவள் திட்டும்போது நாம் குறுக்கே போனால் அதற்கும் சண்டைக்கு வருவாள்.

பிளஸ் டூ முடித்துக் காய் பொறுக்கும் வேலைக்குப் போனாள். தபால் வழியில் பட்டமும் படித்தாள். பரீட்சைக்கான பக்கங்களை என் கடையில்தான் நகல் எடுப்பாள். "அண்ணே, எழுத்து மங்கலா இருக்கு, இன்னொருக்கா போடுங்க" என்பாள். இரண்டாவது நகலுக்குக் காசு கேட்டால், "மங்கலா போட்டது நீங்க, காசு நானா?" என்பாள். அவளோடு வாய் கொடுத்து மீண்டவன் எவனும் இல்லை.

கரட்டடியைப் படமாக வரைய வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு வந்தது காசிமாயன் விழுந்த அன்று. காசிமாயன் மூட்டை தூக்குகிறவர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீட்டில் சரிந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்து என் கடை முன்னால் நின்றது. போனில் இருந்த வரைபடத்தில் கரட்டடி வெறும் சாம்பல் நிறம். அதில் ஒரு சந்துகூட இல்லை. டிரைவர் இறங்கி வழி கேட்டார். நாங்கள் மூன்று பேர் மூன்று வழி சொன்னோம். கடைசியில் கட்டிலோடு அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆயுசு கெட்டியாக இருந்ததால் மனிதர் பிழைத்தார்.

"நம்ம இருக்கோம்னே ஒருத்தனுக்கும் தெரியலண்ணே" என்றாள் அமுதவள்ளி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்துவிட்டாள். கூட இரண்டு பேர். ஒருவன் சுருளிவேல், லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். இன்னொருத்தி சுஜிதா, கல்லூரிக்குப் போகிற பெண். துணி காயப்போடும் கயிற்றில் முடிச்சுப் போட்டு அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு சந்திலும் சுருளிவேல் ஆட்டோவை விடுவான். கண்ணாடியை மடக்காமல் போனால் பச்சை, மடக்கிப் போனால் மஞ்சள், சுவரில் உரசினால் சிவப்பு. பெயரில்லாத சந்துகளுக்கெல்லாம் ஜனங்களிடமே கேட்டுப் பெயர் வைத்தார்கள். ஜீப்பு முக்கு, அடிபம்புச் சந்து, கோழிக்கடைச் சந்து. "வெட்டியா அலையுறதுக்கும் ஒரு படிப்பு வந்துருச்சு போல" என்று நானும் கிண்டல் செய்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் என் கடையிலிருந்து நல்ல தாளாக எடுத்துக் கொடுத்தேன்.

படம் முடிந்ததும் அதை ஊருக்குக் காட்ட அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். காளியம்மன் கோயில் முற்றத்தில் கோலப்பொடியால் கரட்டடி முழுவதையும் பெரிதாகப் போட்டாள். மலையிலிருந்து திரும்பிய பெண்கள் தூக்குச்சட்டியும் கையுமாக வந்து, அவரவர் வீடு இருந்த கட்டத்துக்குள் போய் நின்றார்கள். "ஏடி, நீ என் வீட்டுல நிக்கிற, அந்தாண்ட போடி" என்று ஒரே சிரிப்பு. அவ்வளவு சந்தோஷமாக அந்தத் தெருவை நான் பார்த்தது அன்றுதான்.

சிரிப்பு நின்றது பின்பக்கக் கோட்டைப் பார்த்தபோது. கரட்டடி வீடுகளுக்குப் பின்னால் சுடுகாட்டுக்குப் போகும் சிமெண்டு ரோடு ஒன்று உண்டு. ஓட்டுக் கேட்க வந்த ஒருவர், முன்பக்கச் சந்துகளில் சாக்கடை வழிந்துகொண்டிருக்க, செத்தவர்கள் குலுங்காமல் போகட்டும் என்று போட்டுக் கொடுத்தது. கரட்டடியில் அகலமானதும் குண்டும் குழியும் இல்லாததும் அது ஒன்றுதான். லாரியே போகலாம். ஆனால் உயிரோடு இருக்கிற எவரும் அதில் நடப்பதில்லை. மலைக்குப் போகிறவர்கள் அதில் கால் வைத்தால் அன்றைக்குச் சோலி விளங்காது. கல்யாணப் பெண்ணும் பிள்ளைத்தாய்ச்சியும் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கக்கூடாது. அதனால் எல்லா வீட்டுக்கும் முதுகுதான் அந்தப் பக்கம். ஒரு வீட்டிலும் பின்வாசல் கிடையாது. ஊரைக் குறை சொல்லி என்ன, நானும் சாவுக்குப் போகும்போது தவிர அந்த வழியில் போனதில்லை.

அமுதவள்ளி அந்த ரோட்டைப் பச்சையில் போட்டிருந்தாள்.

கருப்பம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "இது என்னத்தாடி?"

"வண்டி வர்ற வழிம்மா. நல்லா வர்ற வழி இது ஒண்ணுதான்."

"பொணம் போற வழியில வண்டி வரணுமா? வீட்டுக்கு வர்றவன அந்த வழியாவா கூப்புடுவ?"

"ஆம்புலன்ஸுக்கு மட்டும்தாம்மா. உசுரக் காப்பாத்த வர்ற வண்டிக்கு."

"உசுரோட இருக்கிறவள அதுல ஏத்தி, அந்த வழியா கொண்டு போவியா? அந்தா நிக்கிறாளே, அவளக் கொண்டு போவியாடி?"

கருப்பம்மாள் கை காட்டிய இடத்தில் கார்த்திகா நின்றுகொண்டிருந்தாள். முந்தின ஆண்டுதான் அவளைத் தேவாரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் பாண்டியராஜ் ஜீப் ஓட்டுகிறவன். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். வளைகாப்பு வளையல் இரண்டு கையிலும் முழங்கை வரை. அக்கா போட்ட படத்தில் தன் வீட்டுக் கட்டத்துக்குள் காலை வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றவள், அம்மா சொன்னதைக் கேட்டதும் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

அமுதவள்ளி தங்கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கருப்பம்மாள் கோயில் விளக்குமாற்றை எடுத்து அந்தக் கோட்டைக் கூட்டித் தள்ளியபோது அவள் தடுக்கவில்லை. பொடி காற்றில் பறந்து எல்லார் காலிலும் ஒட்டியது.

படத்தை அச்சுப் போட என்னிடம் கொண்டுவந்தபோது பின்பக்கத்தில் ரோடு இல்லை. 'சுவர்' என்று எழுதியிருந்தாள்.

"என்ன தாயி, உன் ரோட்டக் காணோம்?" என்றேன்.

"விடுங்கண்ணே. அத எடுத்தது தப்புனு தெரியுது. ஆனா அவ வயித்தப் பாத்ததும் மனசு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. இவ பெத்துப் பொழைச்சு வந்துரட்டும், அப்புறம் போட்டுக்கிறேன்."

இதில் அவளை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. படிப்பு ஆயிரம் சொல்லலாம். தன் கையால் வளர்த்த ஒருத்தி வயிற்றுப்பிள்ளையோடு நிற்கும்போது யாருக்குத் துணிச்சல் வரும்?

அந்தப் படம் ஆம்புலன்ஸ்காரர்களிடமும் போலீஸ் ஸ்டேஷனிலும் தபால் ஆபீஸிலும் கொடுக்கப்பட்டது. சுஜிதா போன் வரைபடத்திலும் ஏற்றினாள். அப்புறம் பார்க்க வேண்டுமே! கேஸ் சிலிண்டர் கேட்காமலே வாசலில் வந்து இறங்கியது. காசிமாயனுக்கு மறுபடி நெஞ்சு வலித்தபோது ஆம்புலன்ஸ் யாரையும் வழி கேட்காமல், ஜீப்பு முக்கில் திரும்பி, அடிபம்புச் சந்தில் இரு பக்கமும் கை அகலம்தான் மிச்சம் என்ற அளவில் நுழைந்து, அவர் வீட்டு முன்னால் நின்றது. ஜனங்கள் கைதட்டினார்கள். அமுதவள்ளி என் கடைக்கு வந்து, "இப்ப என்னண்ணே சொல்றீங்க?" என்றாள். "வெட்டியா அலைஞ்சவங்க எல்லாம் பெரிய ஆளாயிட்டீங்க" என்றேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐப்பசி அடைமழையில் ஒரு மத்தியானம் ஆம்புலன்ஸ் மறுபடி வந்தது. என் கடையைத் தாண்டி நிற்காமல் சரிவில் இறங்கியதைப் பார்த்து, நம் பிள்ளைகள் போட்ட வழியல்லவா என்று நானும் சந்தோஷப்பட்டேன். யாருக்காக வந்தது என்று அப்போது தெரியாது.

கொஞ்ச நேரத்தில் கீழே ஒரே கூச்சல். கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அடிபம்புச் சந்துத் திருப்பத்தில், மழையில் ஊறிப்போயிருந்த சாக்கடை மூடி உடைந்து, வண்டியின் முன்சக்கரம் உள்ளே இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் சுவர். ஆள் நுழையக்கூட இடமில்லை. வண்டியில் வந்த நர்ஸ் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்துக் கார்த்திகாவிடம் போயிருந்தார். பனிக்குடம் உடைந்து, ரத்தம் நிற்காமல் போகிறது என்றார்கள். சந்து அந்தப் பக்கம் முட்டுச் சந்து. அந்த நிலையில் அவளை வண்டி மேலே தூக்கிக் கடத்தவும் முடியாது; வண்டி நகராமல் அவளை வெளியே கொண்டுவர வழியில்லை.

வேலையிலிருந்து ஓடிவந்த அமுதவள்ளி வண்டியின் கூரை மேல் ஏறி அந்தப் பக்கம் குதித்தாள். அவளுக்குப் பின்னாலேயே சுருளிவேலும் நானும் குதித்தோம்.

வீட்டுக்குள் பாயில் கார்த்திகா கிடந்தாள். முகம் வெளுத்திருந்தது. சுருளிவேல் பின்சுவரைத் தட்டிப் பார்த்தான். "அமுதா, மண்ணு செவுருதான். கடப்பாரைய வச்சு ரெண்டு போடு போட்டா விழுந்துரும். நான் என் ஆட்டோவ சிமெண்டு ரோட்டுல கொண்டாந்து நிறுத்துறேன். வெரசா சொல்லு."

கருப்பம்மாள் ஓடிப்போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்துக் கைகளை விரித்துக்கொண்டாள். "வேணாம்டா அப்பு! உங்கால்ல விழுகுறேன். அந்த வழி மட்டும் வேணாம். போனவங்க யாருடா திரும்பி வந்தாக அந்த வழியில?"

அமுதவள்ளி கடப்பாரையை எடுத்துவிட்டாள். அம்மாவைத் தள்ளிவிட்டு இடித்திருப்பாள். அப்போது கார்த்திகா அவள் சேலையைப் பிடித்தாள்.

"அக்கா, அந்த வழி வேணாம்க்கா. எனக்குப் பயமா இருக்குக்கா. முன்வாசல் வழியா கூட்டிட்டுப் போக்கா."

சின்ன வயசில் தங்கை கேட்டு அமுதவள்ளி எதை மறுத்திருக்கிறாள்? கடப்பாரையைக் கீழே போட்டாள். "சரிடா தங்கம். முன்வாசல்லயே போவோம்" என்றாள்.

அப்புறம் மூட்டை தூக்குகிற ஆட்கள் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். காசிமாயன் நெஞ்சுவலியோடு தோள் கொடுத்தார். மழையில் வழுக்கி விழுந்தார்கள், எழுந்தார்கள். ஒரு வழியாகச் சக்கரத்தைத் தூக்கிவிட்டு, வண்டியைப் பின்னால் தள்ளி, கார்த்திகாவை ஏற்றி அனுப்பினோம். வண்டி போன பிறகும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ரோட்டோரத்திலேயே நனைந்துகொண்டு நின்றோம்.

குழந்தை பிழைத்தது. பெண் குழந்தை. கார்த்திகா பிழைக்கவில்லை. ரத்தம் அதிகமாகப் போய்விட்டது, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அதைக் கேட்டுவிட்டு வந்து எங்களிடம் சொன்ன பாண்டியராஜ், சொல்லி முடிக்காமலே தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. செத்தவர்களுக்கு ரோடு போட்டு ஓட்டு வாங்கியவர் மேலா, மழை மேலா, பிள்ளையைக் காப்பாற்றவே சுவரோடு சுவராக நின்ற அந்தத் தாய் மேலா?

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. கருப்பம்மாள் வீட்டுக்குள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அமுதவள்ளி குழந்தையை மடியில் வைத்திருந்தாள். நாங்கள் ஆண்கள் வாசலில் நின்று, கார்த்திகாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவரும் அமரர் ஊர்தி சந்துக்குள் எப்படி வரும், எங்கே நிறுத்துவது என்று பேசிக்கொண்டிருந்தோம். அடிபம்பு வரை யாராவது போய் நிற்க வேண்டும் என்று சுருளிவேல் கிளம்பினான்.

அவன் போகத் தேவையிருக்கவில்லை. அந்த வண்டி ஓட்டுகிறவருக்கு எந்தப் படமும் வேண்டாம், வழி மனப்பாடம். மெயின் ரோட்டில் திரும்புகிற சத்தம் கேட்டது. கேட்டது கேட்டபடியே, குலுங்காமல், எங்கும் நிற்காமல், நேராக வந்து வீட்டுக்குப் பின்னால் நின்றது. இன்ஜின் ஓடுவது சுவர் வழியாக உள்ளே கேட்டது. தட்டு வைக்கிற பலகையில் இருந்த டம்ளர்கூட லேசாக அதிர்ந்தது.

கருப்பம்மாள் திடுக்கிட்டு எழுந்து முன்வாசலுக்கு ஓடினாள். சந்து காலியாக இருந்தது.

"எங்கடி? வண்டி எங்கடி?"

"பின்னாலம்மா."

கருப்பம்மாள் திரும்ப உள்ளே வந்தாள். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அந்த வீட்டில் முப்பது வருஷமாக இருக்கிறவள், அன்றுதான் அந்தச் சுவரைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"இம்புட்டுப் பக்கத்துலயாடி இருந்துச்சு?" என்றாள்.

அமுதவள்ளி குழந்தையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆமாம்மா" என்றாள். "நான்தான் அளந்தேன்."