தண்ணீரில் வடிகட்டிய புகை

நஸ்ருல்லாவுக்கு உம்ரா டிக்கெட் வந்துவிட்டது. மக்காவுக்குப் புறப்படும் முன் வீடு வீடாகப் போய், "தெரிஞ்சோ தெரியாமலோ தப்பு செஞ்சிருந்தா அல்லாவுக்காகப் பொறுத்துக்கங்க" என்று கேட்டுக்கொள்வது அவர்கள் வழக்கம். பாலக்கரையில் மூன்றே நாளில் முப்பது வீடு முடித்துவிட்டார். பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பா, தண்ணீர்க் குழாய்க்காகச் சண்டை போட்ட அடுத்த வீட்டுக்காரர், எல்லோரிடமும் அந்த வார்த்தை சரளமாக வந்தது. எடமலைப்பட்டி புதூரில் நுரையீரல் கெட்டுப் படுத்திருக்கும் கலீல் வீட்டுக்கு மட்டும் கால் போகவில்லை. மனுஷன் முதலில் அங்கேதானே போயிருக்க வேண்டும்!

இருவரும் சார்ஜாவில் பதினாறு வருஷம் ஒரே ரூம். கலீலுக்குத் தையல் கடையில் வேலை, நஸ்ருல்லாவுக்கு ஹூக்கா கடையில். ஊரில் கேட்டால் 'ஹோட்டல்' என்று மழுப்புவார். ஆனால் வேலையில் ஆள் கில்லாடி. களிமண் கிண்ணத்தில், பாகில் ஊறிய புகையிலையை அமுக்காமல் பரப்பி, அலுமினியத் தாள் போர்த்தி, மேலே கரித்துண்டு வைப்பதில் அவரை அடிச்சுக்க ஆளில்லை. எகிப்துக்காரர்கள் டொமினோ ஆடிக்கொண்டே இழுப்பார்கள். தோற்றால் கரி சரியில்லை என்று நஸ்ருல்லாவைத் திட்டுவார்கள். லெபனான்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து ஊர்வம்பு பேசுவார்கள். ஹைதராபாத்காரர் ஒருவர், தன் பாட்டனார் வெள்ளிக் குழாயில் இழுத்த பெருமையைத் தினமும் அளப்பார். யாராக இருந்தாலும் ஒரு மரியாதை உண்டு. குழாயின் வாயை அடுத்தவர் முகத்துக்கு நேரே நீட்டக் கூடாது. மேஜையில் வைத்தால் அவர் எடுத்துக்கொள்வார்.

கலீல் பீடியைக்கூடத் தொடாதவன். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும், ரூமில் தனியாகக் கிடக்கப் பிடிக்காமல் கடைக்கு வந்து உட்காருவான். அவன் முன்னால் குழாயை எடுத்து வைத்தது நஸ்ருல்லாதான்.

"இது தண்ணியில வடிகட்டி வர்ற புகை மச்சான். ஒண்ணும் செய்யாது. ஆப்பிள் வாசம், இழுத்துப் பாரு."

அன்றைக்கு அவரும் அதை நம்பித்தான் சொன்னார். அதுவரைக்கும் பாவமில்லை. மூன்றாம் வருஷம், வாடிக்கையாக வரும் சிரியாக்கார டாக்டர் ஒருவர் சிரித்துக்கொண்டே விளக்கினார்: தண்ணீர் புகையைக் குளிர வைக்கும், அவ்வளவுதான், விஷம் அப்படியே உள்ளே போகும். கலீலோடு சேர்ந்து தானும் இழுத்துவந்த நஸ்ருல்லா அன்றோடு விட்டார். கலீல் கேட்டதற்கு, முதலாளி பார்த்தால் ஏசுவார் என்று சாக்குச் சொன்னார்.

உண்மையைச் சொன்னால் கலீல் கடைக்கு வர மாட்டான். வாரமெல்லாம் அடுத்தவனுக்குக் கரி மாற்றிய மனுஷனுக்கு, தமிழில் பேசிச் சிரிக்க அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான் இருந்தது. அடுத்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்றே பதிமூன்று வருஷம் ஓடிப்போயிற்று. சே, இப்படியும் ஒரு சுயநலமா!

பயணத்துக்கு முதல் நாள், மனைவி ஹாஜிரா விடவில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும். "அவருகிட்ட சொல்லாம அங்க போயி என்னத்தைத் துஆ கேக்கப் போறீங்க?" என்று பஸ் ஏற்றிவிட்டாள்.

கலீல் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சாய்ந்திருந்தான். அவன் மகள் அல்ஷிஃபா நாற்காலி போட்டாள்.

"பாருங்க மாமா, புகைப் பழக்கம் உண்டான்னு டாக்டர் இந்தத் தடவையும் கேக்குறாரு. எங்க அத்தா பீடியைக்கூடத் தொட்டதில்லைன்னு சண்டை போட்டுட்டு வந்தேன்."

கலீல் மூச்சு வாங்கச் சிரித்தான். "வெள்ளிக்கிழமையானா இவன்கூட உக்காந்து ஆப்பிள் வாசம் புடிச்சேன். அதைப் போயி புகைன்னு சொல்ல முடியுமாம்மா?"

நஸ்ருல்லா நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டார். "மச்சான், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்…"

"உம்ராவுக்குப் போற, அதானே?" கலீல் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "தெரிஞ்சு செஞ்சது, தெரியாம செஞ்சது, எல்லாத்தையும் பொறுத்துட்டேன்டா. நீ இல்லேன்னா அந்த ஊர்ல எனக்குப் பைத்தியமே புடிச்சிருக்கும். எனக்கு ஏன் இந்த நோய் வந்துச்சுன்னு மட்டும் அங்க போயி அல்லாகிட்ட கேளு."

"கேக்குறேன்" என்றார் நஸ்ருல்லா. அல்ஷிஃபா கொண்டுவந்த டீயையும் குடித்தார்.

வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள் ஹாஜிரா. "சொல்லிட்டீங்களா?"

"பொறுத்துட்டான்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று அவள் சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். இனி இவளிடமும் மன்னிப்புக் கேட்டாக வேண்டும் என்று அவருக்கு உறைத்தது. கேட்கவில்லை.