ஜூன் ஒன்றாம் தேதி கேக்

வாஞ்சிநாதனுக்கு அவர் வேலை பார்த்த கடையில் ஜூன் ஒன்றாம் தேதி கேக் வெட்டினார்கள். அவர் பிறந்ததோ மார்கழியில். பள்ளியில் சேர்க்கும்போது அப்பாவும் தலைமையாசிரியரும் பேசி எழுதிய தேதி அது. பாஸ்போர்ட், கிரீன் கார்டு என்று ஒட்டிக்கொண்டு டெக்சாஸ் வரை வந்துவிட்டது. எதற்கு வம்பு என்று அவரும் வருஷா வருஷம் கேக்கைத் தின்றுவிடுவார்.

ஐம்பத்தைந்து வயதில் ஐ.டி. வேலை போனபின் அவருக்குக் கிடைத்தது ஃபிரிஸ்கோ பக்கம் ஒரு துப்பாக்கிக் கடையில் உதிரிபாகக் கவுண்டர். கொசு அடிக்கவே யோசிக்கிற மனிதர் என்று கோயிலில் அவரைக் கேலி செய்வோம். வேலையில் மட்டும் கறார். தோள் வார், உறை எல்லாம் சாதாரணச் சாமான். மற்ற பாகங்களெல்லாம் பொருந்துகிற பிஸ்டலின் உடல், அதாவது ஃபிரேம், அப்படியில்லை. சட்டத்தின் கண்ணில் அந்த ஒரு பாகமே துப்பாக்கி. இருபத்தொரு வயது ஆகாதவருக்குக் கடைக்காரர் அதை விற்கக் கூடாது.

2023இல், கேக் வெட்டிய அன்று மதியம், எங்கள் தெரு விஷாகா அவருக்கு போன் செய்தாள்.

"வாஞ்சி சார், எங்க பையன் கவின் உங்க கடைக்குத்தான் வரான். ஏதோ ஃபிரேமாம், ஆர்டர் பண்ணியிருக்கான். குடுத்துடாதீங்க."

"ஆர்டர்ல டேட் ஆஃப் பர்த் பாத்தேனே. போன வாரமே இருபத்தொண்ணு ஆயிடுச்சேம்மா."

"இல்ல சார். அவன் பொறந்தது ஜூலை பத்தொம்பது. ஊர்ல ஸ்கூல் அட்மிஷனுக்காக மே மாசம்னு மாத்திக் குடுத்தோம். ஒரு வருஷம் வேஸ்ட் ஆகக் கூடாதேன்னு. காலேஜ விட்டுட்டு வந்து நாலு மாசம் ஆச்சு. ரூம விட்டு வெளிய வரதில்ல, சரியா சாப்பிடறதில்ல. இன்னிக்கு இதுக்குன்னு கெளம்பிப் போறான். எனக்கு பயமா இருக்கு சார்."

நம் ஜனம் இந்தத் தேதி விஷயத்தில் காட்டுகிற சாமர்த்தியத்தை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் விஷாகாவை என்னால் திட்ட முடியவில்லை. அவள் சொன்ன பொய்யே மகன் கையில் துப்பாக்கியைக் கொடுக்கப் பார்த்தது. அதை வெளியே சொன்னால் குடும்பத்தின் சிட்டிசன்ஷிப் விண்ணப்பம் என்ன ஆகுமோ தெரியாது.

கவின் வந்தான். டிரைவிங் லைசென்ஸை நீட்டினான். அதில் ஒரு குறையும் இல்லை.

"இன்னிக்கு தர முடியாதுப்பா" என்றார் வாஞ்சிநாதன்.

"வை, அங்கிள்? ஐ ஆம் ட்வென்டி ஒன்."

"எனக்கு மனசு ஒப்பல."

மேனேஜர் வந்து காரணம் கேட்டார். தேதி தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். அவர் சொல்லவில்லை. மனசு ஒப்பவில்லை என்பதையே ஆங்கிலத்தில் சொன்னார். சந்தேகம் வந்தால் விற்க வேண்டாம் என்பது கடையின் விதி என்பதால் ஆர்டர் ரத்தானது. அந்த மாதத்தில் அவர் திருப்பி அனுப்பிய மூன்றாவது ஆள் கவின். வியாபாரம் கெடுகிறதென்று அடுத்த வாரம் அவரை அதே கடையின் மீன்பிடிச் சாமான் பக்கம் தள்ளி, வேலை நேரத்தையும் பாதியாக்கினார்கள்.

ஜூலை பத்தொன்பதாம் தேதி கவின் தூண்டில்களுக்கு நடுவே வந்து நின்றான். தாடி வளர்ந்திருந்தது.

"இன்னிக்குத்தான் என் ரியல் பர்த்டே. அம்மா எல்லாம் சொல்லிட்டாங்க."

வாஞ்சிநாதன் கையிலிருந்த தூண்டிலைக் கீழே வைத்தார். இனி எந்தத் தேதிப்படி பார்த்தாலும் இவனுக்கு இருபத்தொன்று; நிறுத்த முடியாது.

"நான் அத வெச்சு என்ன பண்ணுவேன்னு நெனச்சீங்க, அங்கிள்?"

"தெரியலப்பா. தெரியாமதான் குடுக்கல."

கவின் ஒரு தூண்டில் முள்ளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எனக்கும் தெரியல, அங்கிள்" என்றான்.

வாஞ்சிநாதன் கடை அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கவின் தோளைப் பிடித்தபடி தன் கார் வரைக்கும் நடந்தார்.