மாணவர்களே பிரிக்கிறார்கள்

ஆவடிக்கு மேற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்தேன். வளாகத்துக் குப்பையைக் குறைத்து, மறுசுழற்சிக்கு அனுப்பும் திட்டத்துக்கும் நான்தான் பொறுப்பு. பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் வைத்தோம். மாணவர்கள் இரண்டிலும் எல்லாவற்றையும் போட்டார்கள். கேன்டீனுக்குப் பின்னால் உட்கார்ந்து அதைப் பிரித்தவர், வேப்பம்பட்டிலிருந்து வந்துபோன ஓர் ஒப்பந்தத் தொழிலாளி. ஒல்லியான பெண், சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருப்பார். குப்பையைப் பார்த்தே செய்தி சொல்வார்: "ஹாஸ்டல்ல இன்னிக்கும் உப்புமா சார். ஒருத்தனும் துன்னல."

குப்பை மேலாண்மைக்கு விருது கொடுக்கும் ஆய்வுக் குழு வந்த அன்று அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குப்பையை யார் பிரிக்கிறார்கள் என்று குழுவினர் கேட்டபோது, "மாணவர்களே பிரிக்கிறார்கள்" என்றேன். விருது கிடைத்தது.

மாணவர்களே பிரிக்கும்போது தனி ஆள் எதற்கு என்று நிர்வாகம் அவரை நிறுத்தியது. உண்மையைச் சொன்னால் விருது போய்விடும் என்று நான் வாயே திறக்கவில்லை.

கடைசி நாள் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"பசங்களே பிரிக்கிதுங்கன்னு நீதான் சொன்னியாமே சார்?"

நான் மேசைமேல் இருந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"வெள்ளிக்கெழம உன் லேப் குப்பைல ஒடஞ்ச கண்ணாடி வரும். கையக் கியிச்சுக்கப் போதுங்க, பாத்துப் பிரிக்கச் சொல்லு."

அந்தக் கண்ணாடியைப் பற்றி அதுவரை எனக்குத் தெரியாது. அவர் சிரிக்காமல்தான் சொன்னார். அது குத்தலா, நிஜமான கவலையா என்று இன்றும் விளங்கவில்லை. கேட்டிருக்கலாம், கேட்க எனக்கு முகமில்லை.