வேலுவின் ஹெல்மெட்டும் ஜெரால்டின் அக்காவும்

ஜெரால்டின் அக்காவை மாசாய் நகர அடுக்குமாடிகளில் தெரியாதவர்கள் கிடையாது. முகத்தைப் பார்த்தவர்கள்தான் குறைவு. இரண்டாயிரத்து இருபத்தொன்றில் கிளினிக்கிலிருந்து வருகிற அவர், தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பில், காற்றடைத்த பொம்மை மாதிரி படியேறுவார். கொரோனா வந்தவர் யார் யாரோடு பழகினார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. தம்போயில் சொந்த வீட்டுக்குள்ளேயே அவருக்கு இடமில்லை. கணவர் மார்கஸ் சாப்பாட்டுத் தட்டைக் கார் பானட்மேல் வைத்துவிட்டு உள்ளே ஓடுவார். அக்கா வாசலில் நின்றே சாப்பிடுவார்.

இதெல்லாம் அதே அடுக்குமாடியில் இருந்த செல்வாவுக்குத் தெரிந்தது பிறகுதான். அந்தச் சனிக்கிழமை காலை அவன் தலையில் இருந்தது ஒன்றே ஒன்று: காஹாங்கில் மனைவி லோஷினிக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று நாள். மாவட்டம் தாண்டப் போலீஸ் கடிதம் கிடைத்துவிட்டது. குழந்தைத் துணி மூட்டையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தான்.

மோட்டார் நாலாவது மாடி வேலுவுடையது. ஆனால் ஓட்டுவது இரண்டு பேர். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் செல்வாவுக்குப் பகல் ஷிஃப்ட், வேலுவுக்கு இரவு. ஒருவன் இறங்க, மற்றவன் ஏறுவான். ஹெல்மெட்டும் ஒன்றுதான், சூடு ஆறுவதற்குள் தலை மாறும். நின்று பேசக்கூட நேரமிருக்காது. அதனால் கொரோனா என்று தெரிந்து அக்கா மாடியேறி வந்து விசாரித்தபோது வேலு, "யாரையும் பாக்கலக்கா, சத்தியமா" என்று கூசாமல் சொல்லிவிட்டான். கூட்டாளி பிள்ளையைப் பார்க்கப் போகட்டுமே என்ற பாசம்.

அக்கா தகராறு செய்யவில்லை. நாலாவது மாடியிலிருந்து கீழே எட்டிப் பார்த்தார். நோயாளி மேலே படுத்திருக்க, கீழே அவன் மோட்டாரில் யாரோ மூட்டை கட்டுகிறான். இறங்கி வந்தார்.

"தம்பி, எங்க கெளம்பிட்ட?"

"காஹாங். லெட்டர் இருக்குக்கா, போலீஸ் சாப் வச்சது." முத்திரையைக் காட்டினான்.

"சாப்பு ரோட் பிளாக்ல காட்டு. கிருமி அதெல்லாம் படிக்காது லா."

"எனக்குக் காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல. பிள்ளைய இன்னும் கண்ணால பாக்கலக்கா!"

சாவியைத் திருகினான். ஓர் உதை உதைத்தால் போய்விடலாம். அந்த உடுப்பில் அக்கா பத்தடி ஓடினாலே மயங்கி விழுவார். அவர் குறுக்கே நிற்கவில்லை. ஹெல்மெட்டைக் காட்டினார்.

"போறதுக்கு முன்ன அத மோந்து பாரு. என்னா வாசம்?"

மோந்தான். "ஒண்ணும் இல்லியே."

"நல்லா மூக்க உள்ள விடு."

விட்டான். "கழுவி வச்சிருக்கான் போலக்கா."

"கழுவுனானா? மூணு நாளா அவன் மண்டை முழுக்கக் கோடாலித் தைலம். ரெண்டு மாஸ்க்கு போட்டும் எனக்குக் கண்ணு எரியுது தம்பி."

செல்வா மூன்றாவது முறையும் மோந்தான். வெறும் காற்று. அவனுக்கே தெரியாமல் அவனுக்குள் இருந்ததை, ஊசியும் இல்லாமல் மிஷினும் இல்லாமல், ஒரு பழைய ஹெல்மெட்டை வைத்துப் பிடித்துவிட்டாரே இந்த அம்மாள்! முகம் தெரியாத அந்தக் கண்ணாடி மறைப்பையே பார்த்தான். உள்ளே அக்காவின் புருவ நுனியில் வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பி உருவிவிட்டு, கேட்காமலே கையை நீட்டினான். வீட்டை விட்டு வெளியேறக் கூடாது என்பதற்கான இளஞ்சிவப்புத் தனிமை வளையத்தை அக்கா மாட்டினார்.

அன்றே எடுத்த பரிசோதனையின் முடிவு மறுநாள் வந்தது: பாசிட்டிவ்.

சாயங்காலம் லோஷினி வீடியோவில் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். அது பெரிய மனுஷி மாதிரி கொட்டாவி விட்டது. செல்வா எழுந்து போய் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு வந்து, திரையில் முத்தம் கொடுத்தான்.

"போன்லயுமா மாஸ்க்கு? லூசு" என்று லோஷினி சிரித்தாள். அவன் கழற்றவில்லை.