தடவி நெய்கிறவர்

கொஞ்சம் ஊடை நூல் குறுக்கே ஓடியதும் மரகதம் தறியை நிறுத்திவிடுவார். உள்ளங்கையைத் துணிமேல் வைத்து ஓரத்திலிருந்து ஓரம் வரை மெதுவாகத் தடவுவார். இழை எங்கே பிசகியது என்று தேடுவதுபோல முகம் குனிந்திருக்கும். உண்மையில் அந்த நேரத்தில் அவர் கண்ணுக்குத் துணியே தெரியாது. இடது இடுப்பில் ஏறிய வலி தொடை வழியாக இறங்கித் தீரும்வரை கைக்கு ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான்.

அருப்புக்கோட்டையில் தறிச்சத்தத்தில் வளர்ந்து, கல்யாணமாகி அந்தமானில் ஹட் பே என்ற ஊருக்கு வந்தவர். நாற்பதைத் தொடவில்லை. சுனாமியன்று தண்ணீர் அவரை இழுத்துக்கொண்டு போய் ஒரு எண்ணெய்ப்பனையில் மோதியது. "உசுர விட்டுட்டு இடுப்ப எடுத்துக்கிச்சு" என்று வீட்டில் மட்டும் சொல்வார். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கணவர் அன்பழகன் கூப்பிட்டால் ஒரே பதில்தான்: "கப்பல் டிக்கெட்டுக்கு லைன்ல நிக்கணும். நிக்க முடியலன்னுதான ஆஸ்பத்திரிக்கே போறது?"

வெளியே யார் விசாரித்தாலும் "ஆறிப்போச்சு" என்பார். அலைக்குப் பிறகு பெண்களுக்காகத் தொடங்கிய நெசவுக்கூடத்தில் அவர் ஆசிரியை. வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற வேலை. எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் அன்பழகனுக்கு வேலை நின்றதிலிருந்து அடுப்பு எரிவது இந்தச் சம்பளத்தில்தான். தறியில் உட்கார முடியாதவர் என்று தெரிந்தால், மேன்லேண்டிலிருந்து வேறு ஆளைக் கப்பலேற்றிவிடுவார்கள். மறைப்பது பொய்யா என்று சில நாள் தன்னையே கேட்டுக்கொள்வார். நெய்வதென்னவோ ஒழுங்காகத்தானே நெய்கிறோம் என்று சமாதானமும் சொல்லிக்கொள்வார்.

கற்க வருகிறவர்களில் செல்லம் அவரைவிட மூத்தவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். வாய் ஓயாது.

"டீச்சர் துணியத் தாலாட்டுறாங்க. தூங்கிருச்சுன்னா யாரு நெய்யிறது?"

"வாய நிறுத்திட்டுக் கால மிதிங்கக்கா."

"ஆராம் சே டீச்சர், மெதுவாவே போவோம், நம்ம என்ன கப்பலயா புடிக்கப் போறோம்?"

போன மாதம் ஷீலா மேடம் வந்தார். விருந்தினர் விடுதி ஒன்றுக்குத் துண்டுகள் கேட்டிருந்தார்கள். அவற்றைச் சரிபார்க்க அனுப்பப்பட்ட அதிகாரி அவர். தறிகளுக்கு நடுவே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். ஊடை நூலைச் சுமக்கும் நாடா ஓடியது, நின்றது. எல்லாப் பெண்களும் உள்ளங்கையால் துணியைத் தடவினார்கள். மறுபடி ஓடியது, நின்றது, தடவினார்கள். இத்தனை மாதம் மரகதம் அவர்களுடைய இழைகளையே பார்த்திருந்தார், கைகளைப் பார்த்ததில்லை.

"ஏன் எல்லாரும் நிறுத்தித் தடவுறீங்க?"

"அதுதான் மேடம் முறை. தடவுனாத்தான் துணி ஒக்காரும்" என்றார் செல்லம், பெருமையாக.

ஷீலா ஒரு துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "நிறுத்தின எடமெல்லாம் கோடு விழுந்திருக்கு. இத எப்படி அனுப்புறது? யார் சொல்லிக் குடுத்தது இந்த முறைய?"

எல்லாரும் மரகதத்தைப் பார்த்தார்கள். அவர்கள் தப்பாகப் பிடித்துக்கொண்டார்கள் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அந்தப் பெண்கள் மறுத்துப் பேசவும் மாட்டார்கள்.

"அது முறையில்ல மேடம்" என்றார். "எனக்கு இடுப்பு வலி. வலிக்கிறப்போ நிறுத்துவேன். அதையும் சேத்துப் படிச்சுக்கிட்டாங்க."

துண்டை மடித்து வைத்த ஷீலா, "மெடிக்கல் சர்டிஃபிகேட் எடுத்துட்டு வாங்க. அப்புறம் பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்புக்குப் போனார். அந்த அப்புறத்துக்கு என்ன அர்த்தம் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அடி பாவி. மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க நிக்காம நெய்ஞ்சிருப்போமே" என்றார் செல்லம். குரலில் கோபம் இருந்தது.

"இப்ப நெய்யிங்க."

செல்லம் மிதித்தார். நாடா போனது, வந்தது, போனது. வழக்கமான இடம் வந்ததும் கால் தானாக நின்றது. கை துணியை நோக்கி நகர்ந்தது. மரகதம் தறியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பலகையில் செல்லத்தை ஒட்டி உட்கார்ந்தார். தன் இடது காலைத் தூக்கி, மிதிகட்டையில் நின்றுபோன செல்லத்தின் காலின்மேல் வைத்து அழுத்தினார்.